வரி கட்டாதவருக்கு எதற்குத் தாத்தா சிலை?

கரிசல் தாத்தா · ஞாயிறு இரவு 9.40

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். இன்று பேத்தியைக் கூட்டிக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சி போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்து இந்தியர்கள் கிளர்ந்ததற்கு ஐந்து காரணம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். புத்தகத்தில் மீரட், பாரக்பூர், கொழுப்புத் தடவிய தோட்டா என்று இருக்கிறது. நம் ஊரிலேயே கட்டபொம்மன் கோட்டை இருக்கிறதே, அதைக் காட்டலாம் என்று கூட்டிப்போனேன்.

1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியே நுங்கு தின்றுகொண்டிருந்தோம். அப்போது கேட்டாள்: “தாத்தா, வீட்டுத் தீர்வையை நீங்க வருசா வருசம் கட்டுதீங்க. கட்டாட்டி தப்புன்னு சொல்லுதீங்க. இவரு கட்டமாட்டேன்னுதான சொன்னாரு? இவருக்கு மட்டும் எதுக்குச் சிலை?”

சினிமா வசனத்தைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அது இவளிடம் செல்லாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்டுரையை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

நெல்லைக் குசும்பன் · ஞாயிறு இரவு 9.52

பிள்ளையை வருவாய்த்துறையில் சேர்த்துவிடுங்கள் அண்ணாச்சி. நல்ல எதிர்காலம் இருக்கிறது.

பழைய தாசில் · ஞாயிறு இரவு 10.30

குசும்பன் தம்பி, அந்தத் துறையில்தான் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். என்னிடம் கேட்டிருந்தால் நானும்தான் முழித்திருப்பேன்.

கட்டபொம்மன் கட்டவே இல்லை என்பது முதலில் சரியில்லை. 1798 மே மாதக் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குப்படி அவர் வைத்திருந்த பாக்கி 3310 பகோடா. செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சன் கணக்கைச் சரிபார்த்தபோது மிச்சம் 1080தான். மூன்றில் இரண்டு பங்கு கட்டியாகிவிட்டது. இந்த அளவு பாக்கிக்கு நாங்களெல்லாம் நோட்டீஸ்தான் அனுப்புவோம். ஜாக்சன் படை கேட்டு எழுதினார். சென்னையில் இருந்தவர்களே வேண்டாம் என்றார்கள்.

அடுத்தது, அந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டியது? மதுரை நாயக்கர் காலத்தில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் 72 பாளையம் பிரித்தார்கள். பாளையக்காரர் படை வைத்திருப்பார், காவல் பார்ப்பார், வழக்குத் தீர்ப்பார், வருகிறதில் ஒரு பங்கை மேலே அனுப்புவார். நாயக்கர் ஆட்சி போய் ஆர்க்காட்டு நவாபு வந்தார். நவாபு முகமது அலி கம்பெனிப் படையைக் கூலிக்கு வாங்கி வாங்கிக் கடனில் மூழ்கினார். அந்தக் கடனுக்குத்தான் நம் சீமை வசூல் போனது. 1781இல் ஒப்படைத்தார், 1785இல் திரும்ப வாங்கினார், 1790இல் கம்பெனி தானாகவே எடுத்துக்கொண்டது. 1792 உடன்படிக்கையில் பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் என்ற கப்பம் வாங்கும் அதிகாரம் எழுத்துப்படி கம்பெனி கைக்கு வந்தது.

பேத்திக்குப் புரிய வேண்டுமானால் இப்படிச் சொல்லுங்கள். தாத்தா ஒருவரிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறார். அந்த ஆள் ஒரு வட்டிக்காரரிடம் கடன்பட்டுப் போனார். ஒருநாள் காலையில் வட்டிக்காரர் வந்து நிற்கிறார். “இனிமேல் எனக்குக் கட்டு. தேதி தப்பக் கூடாது. அப்புறம், வீட்டில் அரிவாள் வைத்திருக்கக் கூடாது.”

தேதி என்றேனே, அதுவும் சின்ன விஷயமில்லை. கிஸ்தி என்றாலே தவணை. பாஞ்சாலங்குறிச்சியில் தாமிரபரணித் தண்ணீர் பாயவில்லை, மானாவாரிக் கரிசல்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை தப்பினால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. பழைய ஆட்சியில் பேசிப் பார்க்கலாம், தள்ளிப்போடலாம், கொஞ்சம் முறைத்தும் பார்க்கலாம். கும்பினிக் கணக்குப் புத்தகத்தில் மழைக்குக் கட்டம் கிடையாது.

நெல்லைக் குசும்பன் · ஞாயிறு இரவு 10.41

1080 பக்கோடா பாக்கிக்கா தூக்கு?

பழைய தாசில் · ஞாயிறு இரவு 10.44

பகோடா. நம் ஆட்கள் வராகன் என்பார்கள். பொன் நாணயம். போய்த் தூங்கும்.

சங்கரன்கோவில் டீச்சர் · திங்கள் காலை 6.15

பஸ் வருவதற்குள் எழுதிவிடுகிறேன். கிழக்கே பாஞ்சாலங்குறிச்சியில் ஆரம்பித்தால் பாதிக் கதை போய்விடும். கட்டபொம்மன் பிறந்தது 1760. அதற்கு ஐந்து வருடம் முன்னாலேயே, 1755இல், மேற்கே நெற்கட்டும்செவலுக்குக் கம்பெனிப் படை வந்துவிட்டது. நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் கர்னல் ஹெரானும் வசூலுக்கு என்றுதான் வந்தார்கள். அங்கத்துப் பாளையக்காரர் பூலித்தேவர் கொடுக்கவில்லை, கோட்டையும் விழவில்லை. ஹெரான் திரும்பிப் போன வழியைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுவேன். மதுரைப் பக்கம் கோவில்குடியில் கோயிலைக் கொள்ளையடித்துச் சாமி சிலைகளைத் தூக்கிக்கொண்டு போனார். நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்துச் சிலைகளை மீட்டார்கள். ஹெரான் மேல் கம்பெனியே ராணுவ விசாரணை வைத்தது.

பூலித்தேவர் கோட்டைகளை 1761இல் கம்பெனித் தளபதி யூசுப்கான் பிடித்தார். அதே யூசுப்கானை 1764இல் நவாபும் கம்பெனியும் சேர்ந்து மதுரையில் தூக்கில் போட்டார்கள். அவரும் வசூலில் தகராறு பண்ணினார்தான்! பூலித்தேவர் முடிவு என்ன ஆனது என்று கேட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் சங்கரநாராயணர் கோயிலுக்குள் இருக்கிற அறையைக் காட்டுவார்கள். உள்ளே போனவர் சோதியில் கலந்தார் என்பார்கள்.

வசூலுக்கு வந்தவன் சாமியையும் தூக்கிக்கொண்டு போனான் என்பதை அந்தப் பிள்ளை ஒரு காரணமாக எழுதலாம்.

ஒட்டப்பிடாரம் பஸ் · திங்கள் காலை 11.20

தாசில் அண்ணாச்சி கணக்கைச் சொன்னார். கணக்குத் தீர்ந்த பிறகு என்ன நடந்தது என்று சொல்லவில்லை.

1798 ஆகஸ்டில் ஜாக்சன் இராமநாதபுரத்துக்கு வரச் சொல்லி உத்தரவு போடுகிறார். ஆனால் அவர் அங்கே இல்லை, சுற்றுப்பயணத்தில் இருக்கிறார். கட்டபொம்மன் குற்றாலத்தில் பார்க்கப் போகிறார், முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் போய்ப் பார்க்கிறார், முடியாது. கடைசியில் செப்டம்பரில் இராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில்தான் சந்திப்பு. அங்கே ஜாக்சன் உட்கார்ந்திருக்க, பாளையக்காரரும் அவருடைய மந்திரி சுப்பிரமணிய பிள்ளையும் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே பதில் சொன்னார்கள். வெளியே வரும்போது கைகலப்பு. கிளார்க் என்ற லெப்டினன்ட் செத்தான், பிள்ளை பிடிபட்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் பலருக்குத் தெரியாது. கம்பெனியே விசாரணைக் குழு போட்டது. குழு கட்டபொம்மன் மேல் குற்றமில்லை என்றது. பிள்ளையை விட்டுவிட்டார்கள், ஜாக்சனின் வேலை போனது, லூஷிங்டன் கலெக்டராக வந்தார். பாக்கியும் தீருகிற நிலை, வழக்கும் தீர்ந்தது. பிறகு எதற்கு 1799இல் சண்டை?

நான் நினைப்பது இதுதான். 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தார். அதுவரை மைசூரைப் பார்த்து நின்ற படைகளுக்கு வேலை இல்லாமல் போனது. இங்கே கட்டபொம்மன் சிவகங்கை மருது சகோதரர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார், சிவகிரியைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறார். திருச்சி, தஞ்சை, மதுரையிலிருந்த படைகளை கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி திருநெல்வேலிக்குத் திருப்பினார். செப்டம்பர் 1ஆம் தேதி மேஜர் பானர்மேன் ஓலை அனுப்புகிறார்: நாலாம் தேதி பாளையங்கோட்டைக்கு வந்து நில். ஐந்தாம் தேதி பீரங்கி. அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் மற்றப் பாளையக்காரர்களையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு தூக்கு.

இவ்வளவு வேகத்தில் வசூல் பண்ணுகிறவனை நான் பார்த்ததில்லை. கேட்டது பணமல்ல. வந்து நில் என்றால் வந்து நிற்க வேண்டும், அதுதான் கேட்டது. இரண்டாம் முறை அவர் போகவில்லை.

சின்னத் தகவல் ஒன்று. கோட்டை மேல் குண்டு விழுந்த அதே செப்டம்பர் 5இல், 73 வருடம் கழித்து, பக்கத்து ஊரான எங்கள் ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்தார். தற்செயல்தான். ஆனாலும் எங்கள் ஊர்க்காரனிடம் அப்படிச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது.

நெல்லைக் குசும்பன் · திங்கள் காலை 11.34

மூன்று மணி நேரமா? போன மாதம் ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் காலை பத்துக்குப் போய் இரண்டு மணி வரைக்கும் நின்றேன். சிலை எப்போது வைக்கிறீர்கள்?

எட்டயபுரத்தான் · திங்கள் மாலை 5.05

இந்த இழையில் என் பெயரைப் பார்த்ததுமே சிலருக்குக் கை துறுதுறுக்கும். பரவாயில்லை, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பாளையம் கம்பெனி பக்கம் நின்றது. மறுக்கவில்லை. ஆனால் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் எல்லைத் தகராறு கும்பினிக்கு முன்னாலேயே உண்டு. பக்கத்து வீட்டுக்காரனோடு வரப்புச் சண்டை இருக்கிறவன் ஊருக்குப் புதிதாக வந்த போலீஸ்காரனோடு சிரித்துப் பேசுவான். இதைத் துரோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் வரலாறு படிக்க வேண்டியதே இல்லை.

என் கேள்வி வேறு. எல்லோரும் பாளையக்காரர் என்ன இழந்தார் என்றே பேசுகிறீர்கள். அவர் உழுகிற சம்சாரியிடம் வாங்கியதற்கு எந்த ரசீது இருந்தது? பக்கத்துச் சர்க்கார் கிராமங்களில் பாளையத்து ஆட்கள் புகுந்து காவல் பணம் என்று வாங்கினார்கள் என்று கம்பெனிக் காகிதங்கள் நிறையச் சொல்கின்றன. கம்பெனிக்கு அதைப் பெரிதாக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இருந்தது, சரி. அதற்காக எல்லாமே பொய்யா? கம்பு விதைத்தவனுக்கு மேலே இருக்கிறவன் நாயக்கரா, நவாபா, துரையா என்பதில் என்ன பெரிய வித்தியாசம்? இந்தியர்கள் கிளர்ந்தார்கள் என்று கட்டுரை கேட்கிறார்கள். எந்த இந்தியர்கள்?

மட்டுறுத்துநர் · திங்கள் இரவு 8.00

நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். காரணம் நீக்கப்பட்டவர்களுக்குத் தெரியும். கட்டபொம்மன் எந்தச் சாதி, வெள்ளையத்தேவன், ஒண்டிவீரன், சுந்தரலிங்கம் எந்தச் சாதி, யார் பெரிய ஆள் என்ற சண்டைக்கு இந்த இழை இடமில்லை. எட்டயபுரத்தான் கேட்டது நியாயமான கேள்வி. முடிந்தவர்கள் அதற்குப் பதில் எழுதுங்கள்.

காவக்காரன் பேரன் · திங்கள் இரவு 10.50

எட்டயபுரத்து அண்ணாச்சிக்கு என்னால் முடிந்த பதில்.

எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் காவல் பார்த்தவர்கள். ஒரு கிராமத்துக்குப் பார்ப்பது ஸ்தலக்காவல், பல கிராமம் சேர்ந்த ஒரு வட்டாரத்துக்கே பார்ப்பது தேசக்காவல். களத்தில் நெல் அளக்கும்போது காவலுக்கு ஒரு பங்கு ஒதுக்குவார்கள். மாடு களவு போனால் காவல்காரன் தடம் பார்த்துக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் நஷ்டத்தை அவன் கட்ட வேண்டும். துப்புச் சொல்லி மீட்டுக் கொடுத்தால் துப்புக்கூலி. இது ஒழுங்காக நடந்த ஊரும் உண்டு. காவல்காரனே மாட்டை ஓட்டிவிட்டு அவனே துப்புக்கூலி வாங்கிய ஊரும் உண்டு. அதை எங்கள் தாத்தாவே சிரித்துக்கொண்டு சொல்லுவார். ஆகவே அண்ணாச்சி சொன்னதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்த முறையில் பாளையக்காரர் மட்டும் பிழைக்கவில்லை. அவருக்குக் கீழே ஆயிரக்கணக்கான குடும்பம் இந்தக் காவல் நெல்லில்தான் கஞ்சி குடித்தது. சண்டை வந்தால் வேலும் வல்லயமும் எடுத்துப் போனவர்கள் அவர்கள்தான். கம்பெனி தேசக்காவலைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகளை இடிக்க வேண்டும் என்று பானர்மேன் அறிவித்தார். பாளையக்காரருக்குப் போனது அதிகாரம். எங்கள் ஆளுக்குப் போனது சோறு. நேற்றுவரைக்கும் திருடனைப் பிடித்தவன், மறுநாள் அரசாங்கக் கண்ணுக்குத் திருடன். நூறு வருடம் கழித்து, 1911இல், குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்தபோது, யார் யாரைப் பட்டியலில் சேர்த்தார்கள் என்று பாருங்கள். பழைய காவல்காரர்கள் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள் என்று தெரியும்.

எந்த இந்தியர்கள் என்று கேட்டீர்களே, இவர்களும்தான்.

பழைய ஜவான் · செவ்வாய் காலை 7.30

மீரட்டில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். அங்கே காளி பல்டன் கோயில் என்று ஒன்று உண்டு. கறுப்பு ஆட்களின் படை பக்கத்தில் இருந்ததால் அந்தப் பெயர். அங்கே போனால் எல்லோரும் தோட்டாக் கதையைத்தான் சொல்வார்கள். பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, பல்லால் கடிக்க வேண்டும். அது பொய்யில்லை. ஆனால் சிப்பாயாக இருந்தவனுக்கு, அதற்கு முன்னால் வந்த விஷயங்கள்தான் முதலில் கண்ணில் படும்.

அந்தப் படையில் பெரும்பாலோர் அவத் நாட்டு விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். மாதச் சம்பளம் 7 ரூபாய். அவத் வெளி ராஜ்யமாக இருந்தவரை அங்கே வேலை பார்த்தால் பத்தா என்று கூடுதல் படி உண்டு. ஊரில் நில வழக்கு என்றால் ரெசிடென்ட் துரை மூலம் மனுப் போடலாம், அதனால் சிப்பாய் வீடு என்றால் ஊரில் ஒரு மரியாதை. 1856 பிப்ரவரியில் அவத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. பத்தா போச்சு, மனு போச்சு, மரியாதை போச்சு. அதே வருடம், புதிதாகச் சேருகிறவன் கடல் தாண்டியும் போக வேண்டும் என்று சட்டம். ஊரில் தாலுக்தார் என்ற பெரிய நிலக்காரர்களின் கிராமங்களைப் பிடுங்கி, புதுத் தீர்வை போட்டார்கள். ஏற்கெனவே வாரிசு இல்லை என்று சொல்லிச் சதாராவையும் ஜான்சியையும் நாகபுரியையும் எடுத்திருந்தார்கள். தோட்டா இதற்கெல்லாம் மேலே வந்து விழுந்தது.

அதிலும் பாருங்கள், மீரட்டில் 1857 ஏப்ரல் 24ஆம் தேதி தோட்டாவைத் தொட மறுத்தவர்கள் 85 பேர். அன்றைக்கு ஒன்றும் வெடிக்கவில்லை. மே 9ஆம் தேதி மொத்தப் படையையும் மைதானத்தில் நிறுத்தி, அவர்கள் முன்னால் அந்த 85 பேரின் சீருடையை உரித்துக் காலில் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் மீரட் எரிந்தது. ஒட்டப்பிடாரத்துத் தம்பி சொன்ன மூன்று மணி நேரத்தைப் படித்ததும் எனக்கு அந்த மைதானம்தான் ஞாபகம் வந்தது.

நம்மூர்ச் சிப்பாய்கள் 1857இல் ஏன் சும்மா இருந்தார்கள் என்று அங்கே கிண்டல் பண்ணுவார்கள். சென்னைப் படை ஏற்கெனவே பர்மாவுக்கும் ஜாவாவுக்கும் கப்பலேறிப் பழகியது, அந்தச் சட்டம் அவர்களுக்குப் புதிதில்லை. இன்னொன்று, நாம் ஐம்பது வருடம் முந்திவிட்டோம். 1806 ஜூலை 10, வேலூர். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும் என்று உத்தரவு. வேலூரில் எழுந்த 23ஆம் ரெஜிமென்ட்டில் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் நிறைய. கோட்டைகளை இடித்த பிறகு பாளையத்து வீரன் பிழைப்புக்கு எங்கே போவான்? கும்பினிப் பட்டாளத்துக்குத்தான்.

சங்கரன்கோவில் டீச்சர் · செவ்வாய் இரவு 9.10

எட்டயபுரத்து அண்ணாச்சி கேள்வியை நாள் முழுக்க யோசித்தேன். சம்சாரிக்கு என்ன வந்தது என்பதற்கு 1799இல் பதில் தேடினால் கிடைக்காது. 1801இல் தேட வேண்டும்.

கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் விலங்கு போட்டு வைத்திருந்தார்கள். சிறைக்குள் அம்மை போட்டதால் விலங்கைக் கழற்றினார்கள். 1801 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு மேஜர் மெக்காலே வீட்டில் துரைமார்களும் துரைசானிகளும் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர்கள் தப்பிவிட்டார்கள். வெளியே உதவ வந்தவர்கள் விறகு விற்கிறவர்கள் போலவும் திருச்செந்தூர்ப் பக்தர்கள் போலவும் வந்தார்கள் என்பார்கள். ஒரு வாரத்தில் மெக்காலே படையோடு பாஞ்சாலங்குறிச்சி போய்ப் பார்த்தால், இடித்துப்போட்ட கோட்டை மறுபடி நிற்கிறது. ஆறே நாளில்! பாளையக்காரர் உயிரோடு இல்லை, பாளையமே ஏட்டில் இல்லை, சம்பளம் கொடுக்க யாரும் இல்லை. அந்த மண்ணை மிதித்துக் குழைத்துச் சுவர் எழுப்பியவர்கள் யார்? மார்ச் 31ஆம் தேதி கம்பெனி மோதிப் பார்த்துப் பலத்த சேதத்தோடு திரும்பியது. கர்னல் அக்னியு பெரிய படையோடு வந்து மே 24ஆம் தேதிதான் கோட்டை விழுந்தது.

அந்தப் போரில் இருந்த வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி ஊமைத்துரையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஒல்லியான, நோஞ்சான் இளைஞன். காது கேட்காது, பேச்சு வராது. ஆனால் சனங்கள் சாமி மாதிரி பார்த்தார்கள். இடது உள்ளங்கையில் சின்னச் சின்ன வைக்கோல் துரும்புகளை அடுக்கி, இதுதான் வெள்ளைக்காரன் படை என்று காட்டுவானாம். அப்புறம் வலது கையால் ஒரே வீச்சில் தட்டிவிடுவானாம், வாயால் ஒரு ஓசையோடு. எதிரி எழுதியது இது.

கோட்டை விழுந்த அன்று ஊமைத்துரை காயம்பட்டுப் பிணங்களுக்கு நடுவே கிடந்தார். ஒரு தாய் தன் மகனைத் தேடி வந்தாள். சாகக் கிடந்த மகன், என்னை விடு, சாமி அங்கே கிடக்கிறார், அவரைத் தூக்கு என்றான். பெண்கள் அவரை வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். தேடி வந்தது எட்டயபுரத்து ஆட்கள். மன்னிக்கணும் அண்ணாச்சி. வெள்ளைத் துணியால் மூடி, அம்மையில் செத்த பிள்ளை என்று சொன்னதும் வந்தவர்கள் விலகிவிட்டார்கள். ஆக அம்மை இரண்டு தடவை ஊமைத்துரையைக் காப்பாற்றியிருக்கிறது.

அவர் மருது சகோதரர்களிடம் போனார். ஜூன் 16ஆம் தேதி திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. நவாபு அறியாமல் இடம் கொடுத்தார், இவர்கள் ஏமாற்றி நாட்டை எடுத்துக்கொண்டார்கள், உங்களை நாயாக நடத்துகிறார்கள், உங்களுக்குள் ஒற்றுமை இல்லை என்று எல்லாச் சாதியாரையும் முசல்மான்களையும் கூப்பிட்டுச் சொன்னது. அதில் கிஸ்திக் கணக்கு வரவில்லை.

அந்தத் தாய்க்குப் பாளையத்தில் பங்கு கிடையாது. காவல் நெல்லும் வந்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். பெற்ற மகனை விட்டுவிட்டு இவரைத் தூக்கினாள். இதற்குப் பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் இந்த இடம் வந்தால் நான் கொஞ்ச நேரம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எட்டயபுரத்தான் · செவ்வாய் இரவு 9.48

எதற்கு டீச்சர் மன்னிப்பு. அந்த இடத்தை நானும் படித்திருக்கிறேன். துணியை விலக்கிப் பார்க்காமல் திரும்பிப் போனார்களே, அவர்களும் எங்கள் ஆட்கள்தான் என்று நினைத்துக்கொள்வேன். அம்மைக்குப் பயந்தார்களா, இல்லை தெரிந்தேதான் போனார்களா, யார் கண்டது.

கோட்டையை உழுது ஆமணக்கு விதைத்து, ஊர்ப் பெயரையே பதிவேட்டிலிருந்து அடித்தார்கள். அந்தப் பாளையத்து ஊர்களில் எங்களுக்கும் பங்கு வந்தது. நவம்பர் 16ஆம் தேதி ஊமைத்துரையைத் தூக்கிலிட்டதும் பாஞ்சாலங்குறிச்சியில்தான். 1803இல் நிரந்தரத் தீர்வை வந்ததும், எதிர்க்காத பாளையக்காரரும் வெறும் ஜமீன்தார் ஆனார். படை இல்லை, காவல் இல்லை, தேதிக்குப் பணம் கட்டுகிற வேலைதான். எங்கள் அரண்மனைக்கும் அதுதான் மிஞ்சியது. சம்சாரிக்கு என்ன வித்தியாசம் என்ற என் கேள்வி அப்படியே இருக்கிறது.

துறைமுகத்தான் · புதன் மதியம் 1.15

எல்லோரும் குதிரையும் கோட்டையுமாகப் பேசுகிறீர்கள். 1908க்கு வாங்க.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல்தான் ராஜா. வ.உ.சி. 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு பண்ணினார். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, 10 லட்சம் மூலதனம். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இன்னும் குறைத்தது, கடைசியில் சும்மாவே ஏறிக்கொள் என்று குடையும் கொடுத்ததாம். போட்டியில் ஜெயிக்க முடியாதவன் ஓசியில் கொடுப்பான். அதுவும் போதவில்லை என்றால் கலெக்டரைக் கூப்பிடுவான். எங்கள் கடைத்தெருவில் இன்றைக்கும் அப்படித்தான்.

1908 பிப்ரவரி 27ஆம் தேதி தூத்துக்குடி கோரல் நூல் மில்லில் வேலைநிறுத்தம். கூலி குறைவு, விடிந்தும் விடியாததுமாகப் போய் இருட்டி வருகிற வேலை, ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அடி வேறு. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரையில் பேசினார்கள், ஊர்க்காரர்கள் அரிசி பருப்புக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரனுக்குத் துணைபோனவர்களுக்குச் சவரம் பண்ண மாட்டோம், துணி வெளுக்க மாட்டோம் என்று தொழிலாளர்கள் மறுத்தார்கள். ஒரு வாரம் சொச்சத்தில் மில் இறங்கி வந்தது. கூலி ஏறியது, ஞாயிறு விடுமுறை வந்தது. எட்டயபுரத்து அண்ணாச்சி, உங்கள் சம்சாரியின் பேரன் ஜெயித்த இடம் இது.

மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரையும் கைது செய்தார்கள். 13ஆம் தேதி திருநெல்வேலியில் கடை அடைப்பு, கல்லூரிப் பையன்கள் தெருவில். நகராட்சி அலுவலகம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் தீ. சுட்டார்கள், நான்கு பேர் செத்தார்கள். கவனியுங்கள், கூட்டம் தனியார் கடை எதையும் தேடிப் போகவில்லை. காகிதம் இருக்கிற இடமாகப் பார்த்துக் கொளுத்தியிருக்கிறது. அப்புறம் தண்டப் போலீஸ் வந்தது. அந்தப் போலீசுக்கான செலவையும் ஊர்க்காரன் தலையிலேயே வரியாகக் கட்டினார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள், மொத்தம் நாற்பது வருடம் என்று தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டில் குறைந்தது. 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். (அதைப் பற்றி வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிற கதைகளைத் தயவுசெய்து இங்கே ஒட்ட வேண்டாம்.)

அண்ணாச்சி, பேத்தி கேட்டது வரியைப் பற்றித்தானே? தண்டப் போலீஸ் வரியைச் சொல்லுங்கள். உன்னை அடித்த தடிக்கு நீயே காசு கொடு என்கிற வரி. அவள் கட்டுவாளா என்று கேளுங்கள்.

கரிசல் தாத்தா · வெள்ளி இரவு 8.20

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வட்டிக்காரர் உதாரணத்துக்குச் சிரித்தாள். தண்ட வரியைக் கேட்டதும் “கட்டமாட்டேன்” என்றாள். அந்தத் தாயைப் பற்றி வாசித்தபோது ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, “அந்த அம்மா பேரு என்ன தாத்தா?” என்றாள். யாரும் எழுதி வைக்கவில்லை என்றேன்.

கட்டுரையை இன்று கொடுத்துவிட்டு வந்தாள். ஐந்து காரணம் கேட்டதற்கு மூன்றுதான் எழுதியிருக்கிறாள். நிற்க வைத்தார்கள். காவல் நெல்லை நிறுத்தினார்கள். அடித்ததற்குக் காசு கேட்டார்கள். மிச்ச இடத்தில் உள்ளங்கையில் வைக்கோல் அடுக்கியிருக்கிற மாதிரி ஒரு படம். ‘இன்னும் இரண்டு எங்கே?’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

சிலைக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, அவளும் மறுபடி கேட்கவில்லை. வருகிற ஞாயிறு கயத்தாறு போகணுமாம். பாளையங்கோட்டையிலிருந்து எந்த பஸ்ஸில் ஏறினால் நல்லது?

ஒட்டப்பிடாரம் பஸ் · வெள்ளி இரவு 8.26

புதுப் பஸ் ஸ்டாண்டில் கோவில்பட்டி பஸ் நிற்கும் அண்ணாச்சி. ஏறும்போதே கயத்தாறில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில வண்டி நிற்காமல் போய்விடும். வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள்.

நெல்லைக் குசும்பன் · வெள்ளி இரவு 8.31

இரண்டு சீட் போட்டு வையுங்கள், நானும் வருகிறேன். டிக்கெட்டை நான் எடுக்கிறேன். பாக்கி வைக்க மாட்டேன்.